சண்டிக் குதிரையும் செனோபோன் நூலும்

குதிரை என்னும் சொல்லோடு தமிழ் வழக்கில் ஒட்டிவரும் அடைகளுள் 'சண்டி' என்பது ஒன்று. ஏவிய வழிச் செல்லாது நிற்றல், பின்னிடுதல், முன்னங்கால்களைத் தூக்கி எழுதல், வந்த வழியே திரும்பி ஓடுதல் ஆகிய செயல்களையுடைய குதிரையைச் சண்டிக் குதிரை என்பர். அச்செயலைச் சண்டித்தனம் என்பர். தெருக்களில் குதிரை அருகிவிட்ட இக்காலத்தும் இச்சொல் மக்கள்மேல் ஏற்றி வழங்கப்படுகிறது. பள்ளிக்குப் புறப்படும் வேளையில் வாயிற்கதவைப் பற்றிக்கொண்டு அழும் குழந்தையைத் 'சண்டித்தனம் பண்ணுகிறது' என்று தாயர் கூறக் கேட்கிறோம். இவ்வழக்கு தன்னை அறியாமலே ஓர் உண்மையைத் தொட்டுவிடுகிறது. வீட்டைப் பிரிய அஞ்சும் குழந்தைக்கும் இனத்தைப் பிரிய அஞ்சும் குதிரைக்கும் நெருங்கிய ஒப்புமை உண்டு. ஆனால் அச்சத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில் பிடிவாதத்தைக் குறிக்கும் சொல் வந்து அமர்ந்துள்ளது.

இக்கட்டுரை சண்டித்தனத்தின் ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பிற குதிரைகளோடு இருக்கும்பொழுது அடங்கி நடக்கும் குதிரை, தனியே வெளியே கொண்டு செல்லப்படும்பொழுது மட்டும் மறுப்பதுண்டு. சேணம் கட்டும்வரை அமைதியாக நிற்கும். இலாயத்தின் வாயிலையோ மேய்ச்சல் நிலத்தின் வேலியையோ கடந்தவுடன் தலையை உயர்த்தும். பின்னே திரும்பிக் கனைக்கும். பிறகு ஓர் அடியும் முன் வையாது. வற்புறுத்தினால் சுழலும், எழும், அல்லது கடிவாளத்தையும் பொருட்படுத்தாது இனத்தை நோக்கிப் பாயும். இது பிடிவாதமா, அச்சமா என்பது முதல் வினா. இதற்குக் கூறும் விடையைப் பொறுத்தே பயிற்றுவோன் கை அமையும். பிடிவாதம் என்று கொண்டவன் சவுக்கைத் தேடுவான். அச்சம் என்று கொண்டவன் வேறு வழி தேடுவான். ஆதலின் குதிரையின் நலமும் அதன்மேல் அமர்வோனின் உயிரும் இவ்விடையைச் சார்ந்துள்ளன.

இவ்வினாவை ஏறத்தாழ 2,400 ஆண்டுகட்கு முன்னரே எண்ணிப் பார்த்தவர் ஏதென்சு நகரத்துச் செனோபோன். சாக்கிரட்டீசிடம் பழகியவர்; கி. மு. 401இல் பாரசீக இளவரசன் சைரசின் படையோடு சென்று, அவன் இறந்தபின் கிரேக்க வீரர்களைத் தாயகம் மீட்டு வந்த தலைவர்களுள் ஒருவர். கி. மு. 4ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய குதிரையேற்றம் பற்றிய நூல் 12 சிறு பகுதிகளை உடையது. அதில் இங்குமங்கும் அமைந்துள்ள சில விதிகளை ஒருங்கு வைத்து நோக்கி, இற்றை விலங்கியலார் கண்டவற்றோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. குதிரையின் இன வாழ்வு

குதிரை புல்வெளியில் வாழ்ந்த விலங்கு. கொம்பும் கோரைப் பல்லும் கொண்டு எதிர்த்து நிற்பதைவிட, ஓடித் தப்புவதையே அது தன் காவலாகக் கொண்டது. அதன் கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்து, ஏறத்தாழ 350 பாகை அளவினைத் தலை திருப்பாமலே காண்கின்றன. எனினும் ஒரு குதிரையின் கண்ணும் செவியும் மட்டும் போதா. ஒன்று குனிந்து மேயும்பொழுது மற்றொன்று நிமிர்ந்து நோக்க வேண்டும். குதிரை நின்றவாறே அரைத்துயில் கொள்ள வல்லது. ஆனால் ஆழ்ந்த கனவுத்துயிலுக்குப் படுத்தாக வேண்டும். படுத்துத் துயிலும் குதிரைக்குப் பக்கத்தில் விழித்து நிற்கும் துணை வேண்டும். எனவே உணவு, உறக்கம், உயிர் ஆகிய மூன்றற்கும் அது தன் இனத்தையே நம்பியுள்ளது.

இயற்கையில் ஓர் ஆண் குதிரை, சில பெண் குதிரைகள், அவற்றின் குட்டிகள் ஆகியவை சேர்ந்து ஒரு குழுவாக வாழும். பெண் குதிரைகளிடையே உள்ள உறவு பல ஆண்டுகள் நீடிப்பதுண்டு. மக்களோடு பழகியமையால் இவ்வியல்பு மறைந்துவிடவில்லை. இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் மூதாதையர் வோல்கா, தோன் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளிகளில் தோன்றி, கி. மு. 2200ஐ ஒட்டி எங்கும் பரவத் தொடங்கினர் என்று 2021இல் வெளியான மரபணு ஆய்வொன்று காட்டியது. அங்ஙனம் 4,000 ஆண்டுகளுக்கு மேலாக மனிதன் கையில் வளர்ந்த குதிரைகள், அமெரிக்காவிலும் ஆசுத்திரேலியாவிலும் தப்பிக் காடுறைய நேர்ந்தபொழுது, சில தலைமுறைகளில் மீண்டும் அதே குழு வாழ்வை மேற்கொண்டன. இலாயத்துக் குதிரையினுள்ளும் அப்புல்வெளி மறையாது உள்ளது என்பதற்கு இதுவே சான்று.

இங்ஙனம் நோக்கின், தனியே செல்ல மறுக்கும் குதிரை இயற்கைக்கு மாறாக யாதும் செய்யவில்லை என்பது தெளிவு. இனத்தை விட்டுத் தனித்தது வேட்டை விலங்குக்கு இரையாகும் என்னும் பழைய அறிவே அதனை நிறுத்துகிறது. வியக்கத்தக்கது அது மறுப்பதன்று. ஏவியவுடன் தனியே செல்லும் குதிரைகளும் உள்ளன என்பதே வியப்பிற்குரியது. அவை எங்ஙனம் அத்துணிவைப் பெற்றன? இங்கேதான் செனோபோன் நமக்கு உதவுகிறார்.

2. வாங்குவோனுக்குக் கூறிய தேர்வு

நூலின் மூன்றாம் பகுதி, பழக்கப்பட்ட குதிரையை விலைக்கு வாங்குவோன் நோக்க வேண்டியவற்றைக் கூறுகிறது. கடிவாளத்தை ஏற்கிறதா, ஏற இடம் தருகிறதா என்பவற்றோடு மற்றொரு தேர்வையும் அவர் சேர்க்கிறார். ஏறிச் செலுத்தும்பொழுது பிற குதிரைகளை விட்டு விலகிச் செல்ல அது உடன்படுகிறதா, நின்றிருக்கும் குதிரைகளின் அருகே செல்லும்பொழுது அவற்றை நோக்கிப் பாய்கிறதா என்று காண வேண்டும் என்பது அத்தேர்வு. தீய பயிற்சியினால், ஓட்டக் களத்தினின்று வீட்டை நோக்கி ஓடும் குதிரைகளும் உண்டு என்று அதனோடு சேர்த்து உரைக்கிறார்.

போர்க்குதிரை வாங்குவோனுக்கு இத்தேர்வு உயிர்த் தேர்வாகும். செனோபோன் காலத்துக் கிரேக்கர் அங்கவடி அறியாதவர். மரச் சட்டம் அமைந்த சேணமும் அவர்களிடம் இல்லை. தொடையின் பிடிப்பு ஒன்றையே நம்பி ஒரு கையில் கடிவாள வாரும் மறு கையில் வேலும் ஏந்திய வீரன், தன் குதிரை திடீரெனத் திரும்பித் தோழர்பால் ஓடினால் என்ன ஆவான்? ஒற்றறியச் செல்பவனும் செய்தி கொண்டு செல்பவனும் தனியே செல்ல வேண்டியவரே. இனம் பிரியாக் குதிரை அவர்கட்கு உதவாது.

இங்கே நாம் ஊன்றி நோக்கற்பாலது ஒரு சொல். அக்குதிரைகள் ஓடுவதற்குக் காரணம் தீய பயிற்சி என்கிறார் செனோபோன். தீய பிறவி என்று கூறவில்லை. குதிரையின் இயல்பு அச்சத்தைத் தருகிறது. அவ்வச்சத்தை நிலையான பழக்கமாக ஆக்குவதோ ஆற்றுவதோ பயிற்றுவோன் கையில் உள்ளது என்பது அவர் கருத்தாகப் போதரும்.

3. அச்சமும் அடியும்

ஆறாம் பகுதியில் அவர் கூறும் இரு விதிகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. சினத்தோடு குதிரையை ஒருபொழுதும் அணுகலாகாது என்பது முதல் விதி. சினம் பின்விளைவை எண்ணாதது. ஆகலின் பின்னர் வருந்தத்தக்கதைச் செய்விக்கும் என்பது அவர் தரும் காரணம். இரண்டாவது, குதிரை ஒரு பொருளைக் கண்டு அஞ்சி அணுகாதபொழுது, அதில் அஞ்சத்தக்கது யாதும் இல்லை என்பதை அதற்குக் கற்பிக்க வேண்டும் என்பது. அடித்து அணுகச் செய்பவர் அச்சத்தை மிகுவிக்கின்றனர். ஏனெனில் அடியால் வந்த நோவையும் அப்பொருளே தந்தது என்று குதிரை எண்ணும் என்கிறார்.

இவ்விளக்கத்தைத் தனிமைக்குப் பொருத்திப் பார்ப்போம். வேலிக்கு வெளியே சென்றவுடன் குதிரை நிற்கிறது. ஏறியவன் சவுக்கால் அடிக்கிறான். குதிரை முன்னரே அஞ்சிய இடம் அது. அவ்விடத்தில் இப்பொழுது வலியும் வந்து சேர்ந்தது. தனித்தால் தீங்கு வரும் என்னும் அதன் ஐயம் மெய்யாகிவிடுகிறது. மறுநாள் அது வேலியைக் கடவாமலே நிற்கும். உரிமையாளன் 'சண்டித்தனம் முற்றிவிட்டது' என்பான். முற்றியது அச்சமே, அதனை வளர்த்தவன் அவனே.

செனோபோன் தண்டத்தை அறவே விலக்கினார் என்று கூறுதல் பொருந்தாது. சொல்லால் கற்பிக்க இயலாத விலங்குக்கு, இணங்கியபொழுது இன்பமும் இணங்காதபொழுது இடரும் தந்தே கற்பிக்க வேண்டும் என்று எட்டாம் பகுதியில் கூறுகிறார். ஆயின் அச்சத்தால் நேர்ந்த மறுப்பை அவர் வேறாகப் பிரித்து வைத்தமை அவருடைய நுண்மாண் நுழைபுலத்தைக் காட்டும்.

4. மனிதன் துணையாதல்

இனத்தை விட்டுச் செல்லும் குதிரைக்கு வேறொரு துணை வேண்டும். அத்துணை மனிதனே ஆகலாம் என்பதை நூலின் இரண்டாம் பகுதி கூறுகிறது. குட்டியைப் பயிற்றுவோனிடம் விடுவதற்கு முன், பசியும் தாகமும் ஈயின் தொல்லையும் தனிமையில் வருவன என்றும், உணவும் நீரும் தொல்லையினின்று விடுதலையும் மனிதனால் வருவன என்றும் அது உணருமாறு செய்ய வேண்டும் என்கிறார். அங்ஙனம் செய்தால் குட்டி மனிதனை விரும்புவதோடு அவனைக் காணாதபொழுது ஏங்கவும் செய்யும் என்பது அவர் துணிபு. குட்டியைப் பசியால் வருந்தவிடும் முறையை இன்று நாம் ஏற்க வேண்டுவதில்லை. அதன் உட்கருத்தே கொள்ளத்தக்கது. குதிரைக்கு வேண்டிய ஆறுதல் மனிதனிடத்திலும் கிடைக்கும் என்பதை அது பட்டறிய வேண்டும்.

குதிரை தொடப்படுவதை மிக விரும்பும் உறுப்புகளைத் தடவிக் கொடுக்க வேண்டும் என்றும் அப்பகுதியிலேயே கூறுகிறார். மயிர் அடர்ந்த இடங்களும், நமைச்சல் உற்றால் குதிரை தானே தீர்த்துக்கொள்ள இயலாத இடங்களும் அவை. இக்கூற்றுக்கு அரணாக 1993இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குதிரைகள் ஒன்றன் பிடரடியை மற்றொன்று பல்லால் சொறிந்துகொள்வதைப் பலரும் கண்டிருப்பர். பிரான்சு நாட்டுக் காமார்க்குக் குதிரைகளிடம் கிளாடியா ஃபே, ஜான் த மாசியேர் என்னும் இருவர், அவ்விடத்தைக் கையால் சொறிந்து நாடித் துடிப்பை அளந்தனர்; துடிப்பு குறைந்தது. உடலின் வேறிடத்தில் சொறிந்தபொழுது அத்தகைய குறைவு காணப்படவில்லை. இனம் தரும் ஆறுதலில் ஒரு பகுதியை மனிதன் கையும் தர வல்லது என்பதை இது காட்டும்.

பயிற்றுவோன் குழுவின் தலைமைக் குதிரைபோல் ஆகி அடக்க வேண்டும் என்று கூறுவாரும் உளர். ஆயின் குழு எப்பொழுதும் ஒரே தலைமையின் ஏவலால் நகர்வதில்லை என்பதையும், வெவ்வேறு உறுப்பினர் புறப்பாட்டைத் தொடங்குவதுண்டு என்பதையும் அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே அடக்கி ஆளுதல் என்னும் கருத்தினும் உடன் நின்று காத்தல் என்னும் கருத்தே குதிரையின் இயல்புக்கு ஏற்றது.

5. ஓய்வின் இடம்

இப்பொருளில் செனோபோன் கூறியவற்றுள் தலையாயதாக யாம் கருதுவது ஏழாம் பகுதியின் இறுதியில் உள்ள ஒரு சிறு விதி. குதிரையை விட்டு இறங்கும் இடத்தைப் பற்றியது அது. பிற குதிரைகளின் அருகிலும், மக்கள் கூடிய இடத்திலும், பயிற்சிக் களத்துக்கு வெளியிலும் இறங்கலாகாது. எவ்விடத்தில் குதிரை உழைக்கக் கட்டாயப்படுத்தப்படுகிறதோ அவ்விடத்திலேயே அது ஓய்வும் பெறுதல் வேண்டும் என்பது அவ்விதி.

வழக்கமாக நிகழ்வது இதற்கு நேர் மாறானது. களத்தில் உழைப்பு, வாயிலில் இறக்கம், இலாயத்தில் தண்ணீர், கொள், தோழர். நாள்தோறும் இவ்வாறு நிகழுமாயின், இனத்தை நோக்கிய ஒவ்வோர் அடியும் இன்பத்தை நோக்கிய அடி என்றும், இனத்தை விட்டு விலகும் ஒவ்வோர் அடியும் துன்பத்தை நோக்கிய அடி என்றும் குதிரை கற்றுக்கொள்கிறது. இதனை யாரும் எண்ணிக் கற்பிக்கவில்லை, பழக்கமே கற்பித்துவிட்டது. தீய பயிற்சி என்று மூன்றாம் பகுதியில் கூறியது யாது என்பதற்கு ஏழாம் பகுதி விளக்கமாக அமைகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பார்க்கு, இனம் பிரியாமை என்னும் நோயும் அதன் மருந்தும் ஒருங்கே தோன்றும்.

6. பயிற்றும் முறை

மேற்கூறிய கருத்துகளை அடியாகக் கொண்டு, இக்காலப் பயிற்றுநர் கைக்கொள்ளும் முறையைச் சுருங்கக் கூறுவோம்.

முதற்கண் நோயும் நோவும் உளவா என ஆராய்தல் வேண்டும். சேணம் அழுத்திய முதுகும், கூர்த்த பல்லும், குளம்பின் புண்ணும் குதிரையை நிறுத்தும். அவை உள்ளவரை பயிற்சி கொடுமையே ஆகும்.

அடுத்து, ஏறாமல் கையில் பிடித்துத் தொடங்குதல் நன்று. முகக்கயிறு பூட்டி, இனம் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே நடத்தல், நிற்றல், பின்னடி வைத்தல் ஆகியவற்றைப் பழக்க வேண்டும். கயிற்றைச் சிறிது இழுத்து, குதிரை ஓர் அடி வைத்த அக்கணமே தளர்த்த வேண்டும். இழுப்பு எப்பொழுது நின்றதோ அப்பொழுது தான் செய்ததையே குதிரை கற்றுக்கொள்கிறது. எனவே அது இனத்தை நோக்கித் திரும்பும் வேளையில் கை சோர்ந்து தளர்த்துபவன், திரும்புவதையே கற்பித்தவன் ஆவான்.

பின்னர் எல்லையை அறிதல் வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் அமைதி கெடாது செல்லத்தக்க தொலைவு ஒன்று உண்டு. தலை உயர்தல், செவி விடைத்தல், அடிக்கடி இலத்தியிடல், வியர்த்தல், கனைத்தல் ஆகியவை அவ்வெல்லை கடந்தமைக்கு அடையாளங்கள். முதல் அடையாளம் தோன்றும் இடத்திலேயே நின்றுவிட வேண்டும். பிடரடியைச் சொறிந்துகொண்டு, தலை தாழும்வரை, வாய் மெல்லும்வரை, மூச்சு நெடிதாய் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டும். அமைதி வந்தபின்னரே மெல்ல நடந்து திரும்ப வேண்டும். கலக்கத்தின் நடுவே திரும்புவது கலக்கத்திற்குப் பரிசளிப்பதாகும். நாள்தோறும் அவ்வெல்லை சிறிது சிறிதாக விரியும். 20 அடி விரிந்த நாளும் நல்ல நாளே.

செனோபோனின் ஓய்வு விதியை இதனோடு சேர்க்க வேண்டும். உழைப்பை இனத்தின் அருகில் வைத்து, ஓய்வைத் தொலைவில் வைத்தல் முறை. வட்டமிடல், திரும்புதல், நிற்றல் முதலிய பயிற்சிகளை இலாயத்தின் அருகே செய்வித்து, தொலைவில் சென்றவுடன் வாரைத் தளர்த்திப் புல் மேயவிட வேண்டும். திரும்பி வந்தவுடன் இறங்கிச் சேணத்தை அவிழ்த்துவிடாமல், மீண்டும் சிறிது பயிற்சி செய்விக்க வேண்டும்.

இரண்டு குதிரைகள் இருப்பின் துணையைக் கொண்டே தனிமையைப் பழக்கலாம். இரண்டும் சேர்ந்து செல்லட்டும். ஒன்று நிற்க மற்றொன்று சில அடிகள் முன் சென்று மீளட்டும். பிறகு முறை மாறட்டும். பிரிந்தவர் மீண்டும் வருவர் என்பதைப் பலமுறை கண்ட குதிரைக்குப் பிரிவு அத்துணை அச்சம் தருவதில்லை. இலாயத்தில் தனித்து நிற்க விடப்படும் மற்றைக் குதிரையின் கலக்கத்தையும் கருதுதல் வேண்டும்.

காவல் பற்றியும் ஒரு சொல். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளலாகாது. குதிரையின் நேர் முன்னே நில்லாது தோளின் பக்கத்தே நிற்க வேண்டும். எழும் குதிரையின் இரு வார்களையும் பற்றி இழுத்தால் அது பின்னே சாயவும் கூடும். எழுந்து பழகிய குதிரையைப் புதியவர் தனியே பயிற்றத் துணிதல் தகாது.

7. தமிழ்நாட்டுச் செய்திகள் இரண்டு

செனோபோன் கருத்தை ஒட்டி எண்ணத்தக்க செய்திகள் நம் நாட்டிலும் உண்டு. புறநானூற்றின் 299ஆம் பாட்டு பொன்முடியார் பாடியது. சிற்றூர் மன்னன் ஒருவனுடைய குதிரை உழுந்தின் சக்கையைத் தின்று தளர்ந்த நடையுடையது. அதுவே கடலைக் கிழித்துச் செல்லும் தோணிபோல் பகைப்படையைப் பிளந்து செல்கிறது. நெய் கலந்த உணவுண்டு, பிடரி மயிர் கொய்யப்பட்டு, மாலை சூடிய பெருமன்னர் குதிரைகளோ ஒதுங்கி நிற்கின்றன. புலவர் கருதியது அச்சிற்றூர் மன்னனின் மறமே எனினும், நல்லுணவும் அணியும் மட்டும் குதிரைக்குத் துணிவு தாரா என்னும் கண்டறிந்த உண்மை அதனுள் பொதிந்துள்ளது.

மற்றொன்று வருத்தம் தரும் செய்தி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் குறித்து எழுதிய மார்க்கோ போலோ, அந்நாட்டரசன் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளைக் கடல் வழியாக வரவழைத்தான் என்றும், ஆண்டின் இறுதியில் 100 குதிரையும் எஞ்சுவதில்லை என்றும் கூறுகிறார். குதிரையைப் பேணும் முறை அறியாமையும், அதற்குப் பண்டுவம் செய்வோர் இன்மையுமே காரணம் என்கிறார். வழிப்போக்கர் கூறும் எண்ணில் மிகை இருத்தல் கூடும். ஆயினும் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய உயிர்களை அறியாமை அழிக்க வல்லது என்னும் உண்மையில் மிகை இல்லை.

முடிவுரை

தனித்துச் செல்ல மறுக்கும் குதிரை தன் இனத்தின் பழைய அறிவின்படி நடக்கிறது. அதனை அடியால் மாற்ற இயலாது. அடி அவ்வறிவை மெய்ப்பிக்கவே செய்யும். இனத்தை விட்டு விலகிய இடத்திலும் ஓய்வு உண்டு, ஆறுதல் உண்டு, துணை உண்டு என்பதை நாள்தோறும் காட்டுவதே வழி. செனோபோன் இதனை முழுக் கோட்பாடாக ஓரிடத்தில் தொகுத்துக் கூறவில்லை. எனினும் குட்டியைப் பழக்கல், குதிரையைத் தேர்தல், அச்சத்தை ஆற்றல், இறங்கும் இடத்தை அறிதல் என நான்கு இடங்களில் அவர் கூறியவை ஒரே கருத்தின் நான்கு கூறுகள் என்பது மேலே காட்டப்பட்டது.

'சண்டி' என்னும் சொல்லை வழக்கினின்று நீக்க இயலாது; நீக்க வேண்டுவதும் இல்லை. ஆயின் அதனைக் கூறுமுன், குதிரையாயினும் குழந்தையாயினும், அது எதனை விட்டுப் பிரிய அஞ்சுகிறது என்றும், செல்லும் இடத்தில் அதற்கு நாம் என்ன வைத்திருக்கிறோம் என்றும் ஒரு முறை எண்ணிப் பார்த்தல் தகும்.